வாவிக்கரைப் பெண்களும் ஓர் எண்ணெய்ப் போத்தலும்

உயர்தர இரசாயனவியல் வகுப்பில் உயிர் டீசலைப் பற்றிக் கற்கிறோம். சமன்பாட்டை எழுதுகிறோம், ஊக்கியின் பெயரைக் குறிப்பிடுகிறோம், விளைவுகளை வரிசைப்படுத்திப் புள்ளிகளையும் பெற்றுவிடுகிறோம். ஆனால் அச்சமன்பாட்டின் இடது பக்கத்தில் நிற்கும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது? அதை யார் சேர்க்கிறார்கள்? சேர்ப்பவருக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்? கிடைத்த எரிபொருளை நம்பித் தன் வாகனத்தில் ஊற்ற முதலில் முன்வருபவர் யார்? பரீட்சைத் தாளில் இந்த வினாக்கள் வருவதில்லை. ஆயினும் உயிர் டீசல் ஓர் ஊரில் நிலைப்பதும் நிலைக்காமற் போவதும் இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே இருக்கிறது.

இவற்றுக்கு விடை கண்டவர்களுள் யப்பானின் ஷிகா மாகாணத்துப் பெண்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் பொறியியலாளர்களாகத் தொடங்கவில்லை. சலவைத்தூளைப் பற்றிக் கவலைப்பட்ட குடும்பத் தலைவிகளாகத் தொடங்கினார்கள். இலாப நோக்கற்ற ஓர் அங்கத்துவச் சங்கம் எப்படிப் பிறக்கிறது, எப்படித் தளர்கிறது, எப்படி மீண்டும் எழுகிறது என்பதை அவர்களது வரலாற்றிலிருந்து படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாவி சிவந்த ஆண்டு

ஷிகா மாகாணத்தின் நடுவே பிவா வாவி இருக்கிறது. யப்பானிலேயே பெரிய வாவி அது. பரப்பளவு ஏறத்தாழ 670 சதுர கிலோமீற்றர்; மாகாணத்தின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. கியோத்தோ, ஒசாக்கா முதலான பெருநகரங்களின் குடிநீரும் அதிலிருந்தே செல்கிறது. அவ்வாறான வாவி 1977 மே மாதத்தில் செம்பழுப்பு நிறமாக மாறித் துர்நாற்றம் வீசியது. நுண்ணுயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகியதால் ஏற்பட்ட செந்நீர்ப் பெருக்கு அது.

காரணம் என்ன என்று ஆராய்ந்தபோது, வாவிக்குள் அளவுக்கதிகமான போசணைப் பொருட்கள் சேர்ந்திருப்பது தெரியவந்தது. நாம் பாடத்தில் நற்போசணையாக்கம் என்று படிப்பது இதைத்தான். வயல்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்தவை ஒரு பங்கு. வீடுகளிலிருந்து சென்ற பொசுபரசு இன்னொரு பங்கு. அன்றைய செயற்கைச் சலவைத்தூள்களில் பொசுபேற்று கலந்திருந்தது. உடுப்புத் துவைத்த நீர் வாய்க்கால் வழியே ஓடி வாவியைச் சென்றடைந்தது.

இங்கேதான் ஒரு முக்கியமான திருப்பம் நிகழ்ந்தது. தொழிற்சாலையை மட்டும் குற்றஞ்சாட்டி வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள அப்பெண்களால் முடியவில்லை. தங்கள் கழுவுதொட்டியிலிருந்து செல்லும் நீரும் வாவியைக் கெடுக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களும் தாமே, பாதிப்புக்குக் காரணமானவர்களும் தாமே என்ற தெளிவு பிறந்தது. அதிலிருந்து சவர்க்கார இயக்கம் வளர்ந்தது. செயற்கைச் சலவைத்தூளை விட்டுத் தூள் சவர்க்காரத்தைப் பாவிப்போம் என்பது அதன் கோரிக்கை. அதற்கு இணையாக இன்னொரு வேலையும் நடந்தது. பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் சேர்த்துவைத்து, அதிலிருந்தே சவர்க்காரம் செய்தார்கள்.

1979 அக்டோபரில் மாகாண சபை ஒரு கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. பொசுபரசு கலந்த செயற்கைச் சலவைத்தூளை மாகாணத்துக்குள் விற்பதும் பாவிப்பதும் அன்பளிப்பாகக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டன. 1980 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் அம்மாகாணத்தில் 10 வீடுகளுக்கு 7 என்ற அளவில் தூள் சவர்க்காரம் பாவனையில் இருந்தது.

வெற்றிக்குப் பின் வந்த தளர்ச்சி

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு சுற்றாடல் வெற்றிக் கதையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் சலவைத்தூள் உற்பத்தியாளர்கள் சும்மா இருக்கவில்லை. பொசுபரசு இல்லாத புதிய செயற்கைச் சலவைத்தூள்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சட்டம் அவற்றைத் தடுக்கவில்லை. பாவிக்க இலகுவாகவும் இருந்தன. வீடுகள் ஒவ்வொன்றாகச் சவர்க்காரத்தைக் கைவிட்டன.

இயக்கத்தின் கையில் இப்போது ஒரு விசித்திரமான நிலைமை இருந்தது. பாவித்த எண்ணெயைச் சேர்க்கும் பழக்கம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. அய்தோ என்ற சிறிய விவசாய ஊரில் 1981 முதல் அந்தச் சேகரிப்பு நடந்துவந்தது. எண்ணெய் வந்துகொண்டே இருந்தது; அதில் செய்த சவர்க்காரத்தை வாங்கத்தான் ஆள் குறைந்தது.

பல சங்கங்கள் இந்த இடத்தில்தான் மூடப்படுகின்றன. "எங்கள் பொருளை மக்கள் விரும்பவில்லை" என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தைக் கட்டிவைத்து விடுகின்றன. ஷிகா பெண்களோ தமது குறிக்கோளையும் தமது பொருளையும் பிரித்துப் பார்த்தார்கள். குறிக்கோள், வாவியைக் காப்பது. எண்ணெய் நீரில் சேராமல் தடுப்பது. சவர்க்காரம் அதற்கான ஒரு வழி. ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடலாம். 1990 இல் சுற்றாடலையே மையப்பொருளாகக் கொண்ட நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஷிகாவில் அமைக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பை வகித்தவர் ஃபுஜீ அயாகோ என்ற பெண்மணி. எண்ணெய்க்குப் புதிய பயன் தேடிய அவர்களது கண்கள் அப்போது ஜேர்மனி மீது விழுந்தன. அங்கே கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பயிரின் வித்திலிருந்து டீசல் பொறிக்கான எரிபொருள் செய்யப்பட்டு வந்தது.

ஒரே எண்ணெய், இரு வழிகள்

சவர்க்காரம் செய்தவர்கள் எரிபொருளுக்கு மாறியது பெரிய பாய்ச்சலாகத் தோன்றலாம். இரசாயனவியல் தெரிந்தவர்களுக்கு அது அடுத்த வீட்டுக்குப் போவது போன்றதே.

தாவர எண்ணெயின் மூலக்கூறு ஒன்றில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசரோலுடன் இணைந்திருக்கின்றன. அதனுடன் நீர்க்கரைசலாக உள்ள சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகள் பிரிந்து சவர்க்காரமாகின்றன, கிளிசரோல் வெளியேறுகிறது. நீருக்குப் பதிலாக மெதனோலைச் சேர்த்து, ஐதரொட்சைட்டைச் சிறிதளவு ஊக்கியாக மட்டும் பயன்படுத்தினால் அதே சங்கிலிகள் மெதைல் எசுத்தர்களாகின்றன. இங்கும் கிளிசரோல் வெளியேறி அடியில் படிகிறது. மேலே நிற்கும் மெதைல் எசுத்தரைக் கழுவி உலர்த்தினால் கிடைப்பதே உயிர் டீசல். எண்ணெயில் நீர் இருந்தால் எரிபொருளுக்குப் பதிலாகச் சவர்க்காரம் உருவாகிவிடும். ஒருவர் விரும்பிய விளைவு மற்றவருக்குப் பிழையான விளைவு. ஆகவே பாவித்த எண்ணெயிலுள்ள உணவுத் துகள்களை வடித்து நீரை அகற்றுவது இத்தொழிலில் முதல் ஒழுங்கு.

எண்ணெயை அப்படியே ஊற்றினால் பொறி ஓடாதா என்ற வினா எழலாம். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் பொறி நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டப்பட்டது. ருடோல்ஃப் டீசலே பின்னாளில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலினுடையதைப் போலப் பத்து மடங்களவு அதிகம். நாளடைவில் அது எரிபொருளைத் தெளிக்கும் குழாய்களை அடைத்துப் பொறிக்குள் கரியைப் படியவைக்கும். 1937 இல் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்பவர் எண்ணெயை எசுத்தராக மாற்றி எரிபொருளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எசுத்தரின் பாகுத்தன்மை டீசலுக்கு அண்மையது. உயிர் டீசல் என்று நாம் இன்று அழைப்பது அதைத்தான்.

மஞ்சள் வயல்

அய்தோவில் 1990களின் நடுப்பகுதியில் ஒரு சிறிய உயிர் டீசல் பொறித்தொகுதி நிறுவப்பட்டது. ஊரில் சேர்ந்த எண்ணெய் அங்கே எரிபொருளாகி ஊராட்சி வாகனங்களுக்குச் சென்றது. அதன்பின் எழுந்த எண்ணந்தான் இயக்கத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. சேரும் எண்ணெயை மட்டும் நம்பாமல் எண்ணெய் வித்தையும் ஊரிலேயே விளைவித்தால் என்ன?

நெல்லுற்பத்தியைக் குறைக்கும் அரச கொள்கையால் நெல் விதைக்காமல் விடப்பட்ட வயல்கள் அங்கே இருந்தன. 1998 இல் அவற்றில் கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்துப் பயிர் விதைக்கப்பட்டது. யப்பானியர் அதன் பூவை 'நானோஹானா' என்பர். இளவேனிலில் வயல் முழுதும் மஞ்சளாகப் பூக்கும். பூவிலிருந்து தேன், வித்திலிருந்து எண்ணெய், பிழிந்த பின் மிஞ்சும் பிண்ணாக்கு உரமாகவும் கால்நடைத் தீனியாகவும். எண்ணெய் முதலில் வீட்டுக்கும் பாடசாலைச் சமையலுக்கும் போகும். பொரித்து மிஞ்சியது சேகரிப்புக்கு வரும். அதிலிருந்து எரிபொருள். அந்த எரிபொருளில் உழவு இயந்திரம் ஓடி மறுபடி அதே வயலை உழும். தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் ஒரு வட்டம்.

இதன் சிறப்பு விளைச்சலின் அளவில் இல்லை. பாவித்த எண்ணெய் பார்க்க விருப்பமில்லாத ஒரு பொருள். பீப்பாய்க்குள் கறுப்பாகக் கிடக்கும் அதைக் காட்டி ஒருவரை இயக்கத்தில் சேரும்படி அழைப்பது கடினம். மஞ்சள் வயலைப் பார்க்க மக்கள் தாமே வந்தார்கள். சிறுவர்கள் வந்தார்கள், முதியோர் வந்தார்கள், வேறு மாகாணத்தவர் வந்து கேட்டுச் சென்று தங்கள் ஊரில் விதைத்தார்கள். 2001 ஏப்ரலில் இத்தகைய குழுக்கள் ஷிகாவில் ஒன்றுகூடி முதலாவது நானோஹானா மாநாட்டை நடத்தின. நானோஹானா திட்ட வலையமைப்பும் அவ்வாண்டிலேயே உருவானது. பின்வந்த மாநாடுகள் வெவ்வேறு மாகாணங்களில் நடைபெற்றன. 2005 இல் அய்தோவில் நானோஹானா நிலையம் திறக்கப்பட்டது. எண்ணெய் பிழிவதையும் எரிபொருள் செய்வதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

சங்கத்துக்கு ஓர் உடல்

நல்லெண்ணம் உள்ளவர்கள் கூடினால் போதுமே, சட்டமும் யாப்பும் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. எண்ணெய்ப் பீப்பாயை வைக்க ஓர் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். யார் பெயரில்? வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். யார் கையொப்பத்தில்? தலைவி ஊர் மாறிப் போனால் இயந்திரம் யாருடையது? சங்கத்துக்குச் சட்டப்படி ஓர் உடல் இல்லாவிட்டால் எல்லாப் பாரமும் ஒரு தனி மனிதரின் தோளில் விழும்; அவர் களைத்தால் சங்கமும் களைக்கும்.

யப்பானில் இந்தக் குறை 1998 இல் நிறைவேறிய ஒரு சட்டத்தால் பெருமளவு நீங்கியது. 1995 இல் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது தொண்டர்கள் ஆற்றிய பணி அச்சட்டத்துக்குத் தூண்டுகோலாக அமைந்தது. அதன்படி ஓர் இலாப நோக்கற்ற அமைப்பைப் பதிவுசெய்ய ஆகக் குறைந்தது 10 அங்கத்தவர்கள் போதும். மூன்று பணிப்பாளர்களும் ஒரு கணக்காய்வாளரும் இருத்தல் வேண்டும். பணிப்பாளர், கணக்காய்வாளர் ஆகியோருள் சம்பளம் பெறுவோர் மூன்றில் ஒரு பங்கை மீறக்கூடாது. அங்கத்துவத்துக்கு நியாயமற்ற நிபந்தனைகள் விதிக்கக் கூடாது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் பின்னால் ஒரு பழைய அனுபவம் இருப்பது தெரிகிறது. கணக்காய்வாளர் தனியாக இருப்பது பணம் செலவழிப்பவரே கணக்கையும் சரிபார்க்கக் கூடாது என்பதற்காக. சம்பளத்துக்கு எல்லை வைத்தது சங்கம் சிலரது பிழைப்பாக மாறிவிடக் கூடாது என்பதற்காக.

'இலாப நோக்கற்ற' என்ற தொடரைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அவ்வாறான சங்கம் பொருள் விற்கலாம், வருமானம் பெறலாம், ஆண்டிறுதியில் மிச்சமும் வைத்திருக்கலாம். அந்த மிச்சத்தை அங்கத்தவர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியாது என்பதே அதன் பொருள். மிச்சம் மறுபடி நோக்கத்துக்கே செல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கம் இதிலிருந்து சற்று வேறுபட்டது. அது அங்கத்தவர்களுக்குச் சொந்தமானது. அவர்களது தேவைக்காக நடப்பது. மிச்சத்தில் ஒரு பங்கை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் கூடும். எரிபொருள் தொடர்பான சங்கம் அமைப்போர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: நாம் எரிபொருளை நமக்காகச் செய்யப் போகிறோமா, அல்லது ஊரெங்கும் அதன் பாவனையை வளர்க்கப் போகிறோமா? முன்னதற்குக் கூட்டுறவு பொருந்தும். பின்னதற்கு இலாப நோக்கற்ற அங்கத்துவச் சங்கம் பொருந்தும்.

அங்கத்தவர் தருவது என்ன?

பெரும்பாலான சங்கங்களில் அங்கத்தவர் தருவது சந்தா மட்டுமே. ஆண்டுக்கொரு முறை பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கியதும் சங்கத்தை மறந்துவிடுகிறார். அடுத்த ஆண்டு பொருளாளர் நினைவூட்டினால்தான் உண்டு.

ஷிகா இயக்கத்தின் பலம் வேறிடத்தில் இருந்தது. அதில் சேர்ந்தவர் சமையலறையில் ஒரு போத்தல் வைக்கிறார். மீன் பொரித்த ஒவ்வொரு நாளும் சங்கம் அவருக்கு நினைவுக்கு வருகிறது. போத்தல் நிறைந்ததும் சேகரிப்பு இடத்துக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே அயலவரைக் காண்கிறார். இரண்டு வார்த்தை பேசுகிறார். மேடைப் பேச்சோ துண்டுப்பிரசுரமோ இதைச் செய்ய முடியாது. சவர்க்காரத்துக்கு ஆளில்லாமற் போன பின்னரும் இயக்கம் அழியாமல் இருந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று நான் கருதுகிறேன். பொருள் தோற்றது, பழக்கம் நின்றது, அதன் மேல் புதிய பொருளை ஏற்ற முடிந்தது. இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். ஆயிரம் சமையலறைகளில் ஒரு பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 1,000 குடும்பங்கள் மாதம் தலா அரை இலீற்றர் பாவித்த எண்ணெய் தருவதாகக் கொள்வோம். மொத்தம் 500 இலீற்றர். வடித்து நீரகற்றிய பின் 450 இலீற்றர் மிஞ்சும் என்போம். எண்ணெயின் கனவளவுக்கு ஏறத்தாழச் சமமான அளவு உயிர் டீசல் கிடைக்கும். ஒரு சிறிய லொறி இலீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடுமாயின் அது மாதத்துக்கு 2,700 கிலோமீற்றர், நாளொன்றுக்கு 90. அதாவது 1,000 வீடுகளின் ஒத்துழைப்பால் ஒரே ஒரு லொறி மாதம் முழுதும் ஓடும்.

இது சிறிது என்று சோர்வதா, பெரிது என்று மகிழ்வதா? உயிர் டீசல் நாட்டின் எரிபொருள் பிரச்சினையைத் தீர்க்கும் என்று பிரசாரம் செய்யும் சங்கம் இந்தக் கணக்கின் முன் தலைகுனிய வேண்டிவரும். எங்கள் ஊர்க் குப்பை லொறியை எங்கள் சமையலறைகளே ஓட்டும் என்று சொல்லும் சங்கமோ தலைநிமிர்ந்து நிற்கும். உறுதி கொடுக்கும்போது கணக்குப் பார்த்துக் கொடுப்பது சங்கத்தின் நாணயம்.

வேறு ஊர்கள், வேறு வடிவங்கள்

இதே வேலையை வேறு விதமாக ஒழுங்குசெய்த ஊர்களும் உண்டு. ஷிகாவுக்கு அயலிலுள்ள கியோத்தோ நகரில் மாநகர சபையே முன்னின்றது. 1997 இல், காலநிலை மாற்றம் பற்றிய உலக மாநாடு அங்கே கூடிய அதே ஆண்டில், வீடுகளிலிருந்து சேர்த்த எண்ணெயில் செய்த எரிபொருளைக் கொண்டு நகரின் குப்பை வண்டிகள் ஓடத் தொடங்கின. 2004 இல் நாளொன்றுக்கு 5,000 இலீற்றர் உற்பத்தி செய்யக்கூடிய நிலையத்தை நகரம் நிறுவியது. மாநகர சபையிடம் பணமும் வண்டியும் இருந்தன. ஆனால் வீட்டு வாசலில் எண்ணெய் சேர்க்க அதுவும் குடியிருப்பாளர் குழுக்களின் உதவியையே நாட வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேர்க்லி நகரில் 2003 இல் 'பயோஃபியூவல் ஓயாசிஸ்' என்ற எரிபொருள் நிலையம் திறக்கப்பட்டது. அங்கு வேலை செய்த பெண்களே அதன் உரிமையாளர்கள். பாவித்த எண்ணெயிலிருந்து செய்த உயிர் டீசலை அவர்கள் விற்றார்கள். தொழிலாளர் கூட்டுறவு என்பது அவ்வடிவத்தின் பெயர். அதே நாட்டில் 1992 இல் சோயா விவசாயிகளின் முயற்சியால் தேசிய மட்டத்தில் ஒரு சங்கம் எழுந்தது. உயிர் டீசலுக்குத் தரக் கட்டளையும் அரசாங்க ஆதரவும் பெற்றுக்கொடுக்க அது உழைத்தது. அதுவும் அங்கத்துவச் சங்கமே. ஆனால் அங்கத்தவர்கள் அத்தொழிலில் வருவாய் உள்ளவர்கள். ஆகவே அதன் குரல் வர்த்தகத்தின் குரல்.

இவற்றுள் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. எந்த வேலைக்கு எந்த வடிவம் என்பதே வினா. பெரிய நிலையம் கட்ட ஊராட்சி வேண்டும். அன்றாடம் விற்பனை செய்யக் கூட்டுறவு வேண்டும். மக்களிடம் போய் ஏன் இது வேண்டும் என்று எடுத்துச் சொல்ல, தனக்கென்று இலாபம் தேடாத சங்கம் வேண்டும். விற்பவர் சொல்வதைக் காட்டிலும் விற்காதவர் சொல்வதை மக்கள் எளிதில் நம்புகிறார்கள்.

மறைக்கக் கூடாத குறைகள்

நம்பிக்கையே மூலதனமான சங்கம் குறைகளைத் தானே முன்வந்து சொல்ல வேண்டும். உயிர் டீசலுக்குக் குறைகள் உண்டு.

முதலாவது, குளிரில் அது சாதாரண டீசலைவிட விரைவாகக் கலங்கி உறையும். ஓர் இலீற்றரில் அடங்கியுள்ள சக்தியும் சற்றுக் குறைவு. பழைய தாங்கிகளில் படிந்த அழுக்கை அது கரைத்துக் கிளப்புவதால் தொடக்கத்தில் வடிகட்டிகள் அடைபடும். பழைய வகை இறப்பர்க் குழாய்களை அது பழுதாக்கும். நவீன டீசல் வாகனங்கள் பல தூய உயிர் டீசலுக்கு ஏற்றவையல்ல. யப்பான் 2007 இல் சட்டத்தைத் திருத்தி, சாதாரண டீசலுடன் கலந்து விற்கப்படும் உயிர் டீசலின் அளவை 5 வீதத்துக்கு மட்டுப்படுத்தியது.

இரண்டாவது, செய்முறை ஆபத்தானது. மெதனோல் நஞ்சு, கண் பார்வையைப் பறிக்கும், இலகுவில் தீப்பற்றும், அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் அரிக்கும். ஆகவே வீட்டுச் சமையலறையில் செய்துபார்க்கும் பரிசோதனை இதுவன்று. மெதனோல் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து செய்யப்படுவதால் எரிபொருள் முழுதும் தாவரத்திலிருந்து வந்தது என்று சொல்லவும் முடியாது.

மூன்றாவது, கழிவு. அடியில் படியும் கிளிசரோலில் மெதனோலும் காரமும் கலந்திருக்கும். எரிபொருளைக் கழுவிய நீரும் அப்படியே. அதை வாய்க்காலில் ஊற்றினால் வாவியைக் காக்கப் புறப்பட்டவர்களே வாவியைக் கெடுத்தவர்களாவார்கள். கழிவை என்ன செய்வோம் என்பதற்கு விடை எழுதாமல் எந்தச் சங்கமும் முதற் பீப்பாயைத் திறக்கக் கூடாது.

நான்காவதுதான் மிகப் பெரியது. எரிபொருளுக்காகவே எண்ணெய்ப் பயிர் செய்யத் தொடங்கினால் வாகனமும் வயிறும் ஒரே எண்ணெய்க்குப் போட்டியிடும். இந்தோனேசியா 2020 முதல் டீசலில் 30 வீதம் பாம் எண்ணெய் உயிர் டீசலைக் கலப்பதைக் கட்டாயமாக்கியது. 2022 இல் அந்நாட்டிலேயே சமையல் எண்ணெய்த் தட்டுப்பாடு ஏற்பட்டு, அரசாங்கம் ஏப்ரல் இறுதியிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் பாம் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்திவைக்க நேர்ந்தது. தட்டுப்பாட்டுக்கு உலகச் சந்தை நிலைமை முதலாகப் பல காரணங்கள் இருந்தாலும், உணவையும் எரிபொருளையும் ஒரே பயிரில் தொங்கவிடுவதன் ஆபத்தை அது காட்டியது. பாம் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்படுவது வேறு. அய்தோவின் வட்டம் இதற்கு நல்லதொரு மறுமொழி. அங்கே எண்ணெய் முதலில் சட்டிக்குப் போகிறது. மிஞ்சியதே பொறிக்குப் போகிறது. இந்த முறைமையைச் சங்கத்தின் யாப்பிலேயே எழுதி வைப்பது நல்லது.

தொடங்குவோருக்கு ஓர் ஒழுங்கு

இதுவரை பார்த்தவற்றிலிருந்து, இத்தகைய சங்கம் ஒன்றை ஒழுங்கு செய்வதற்கான படிகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

1. குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் எழுதுக. அதில் பொருளின் பெயர் முதலிடம் பெறக் கூடாது. 'எண்ணெய் நீரில் சேராமல் காப்போம்' என்பது குறிக்கோள். 'உயிர் டீசல் செய்வோம்' என்பது வழி.

2. எரிபொருள் செய்வதற்கு முன் எண்ணெய் சேர்க்கப் பழகுக. ஒரு தெருவில் தொடங்கி, எத்தனை வீடு, எத்தனை இலீற்றர் என்று மாதந்தோறும் பதிவுசெய்க. ஆறு மாதப் பதிவேடு கையில் இருந்தால் பிரதேச சபையிடமோ தொழிற்சாலையிடமோ பேச வாய் கிடைக்கும்.

3. யாப்பை எளிய தமிழில் எழுதுக. பெயர், நோக்கம், அங்கத்துவம், சந்தா, பொதுக்கூட்டம், செயற்குழு, கணக்காய்வு ஆகியன இடம்பெற வேண்டும். சங்கம் கலைந்தால் சொத்து எந்தப் பொதுப்பணிக்குச் சேரும் என்பதும் தொடங்கும் நாளிலேயே எழுதப்பட வேண்டும்.

4. சந்தா சிறிதாக இருக்கட்டும். கடமை நிச்சயமாக இருக்கட்டும். மாதம் ஒரு போத்தல் என்பது பணக்காரரும் ஏழையும் சமமாகத் தரக்கூடிய சந்தா.

5. வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். நன்றாகப் பேசுபவர் நன்றாகக் கணக்கு வைப்பார் என்பதில்லை. சேகரிப்புக்கு ஒருவர், பதிவேட்டுக்கு ஒருவர், தரப் பரிசோதனைக்கு இரசாயனவியல் தெரிந்த ஒருவர், வெளியுறவுக்கு ஒருவர்.

6. சங்கமே எரிபொருள் செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. அனுமதியும் பாதுகாப்பு வசதியும் உள்ள நிலையத்திடம் எண்ணெயை ஒப்படைத்து, அது எங்கே போய் என்னவாயிற்று என்பதை அங்கத்தவர்களுக்கு அறிக்கையாகத் தருவதே போதும்.

7. கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் தேடுங்கள். அய்தோவுக்கு மஞ்சள் வயல். வேறோர் ஊருக்கு ஒரு லொறியின் பக்கத்தில் எழுதிய இரண்டு வரியாக இருக்கலாம்.

மாணவிகளாகிய நமக்கு

2022 இல் எரிபொருள் நிலைய வரிசைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். எரிபொருள் என்பது கப்பலில் வரும் பொருள், அமைச்சர்களும் பெரிய கம்பனிகளும் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் என்ற எண்ணம் நம்முள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அது பெருமளவு உண்மையும்கூட. ஒரு போத்தல் எண்ணெய் அந்த வரிசையை இல்லாமலாக்கியிருக்காது.

ஆயினும் வாவிக்கரைப் பெண்களிடமிருந்து கற்க ஒன்றுண்டு. சமையலறை சிறிய இடம் என்று அவர்கள் எண்ணவில்லை. அங்கிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து சென்றார்கள். அது அவர்களை வாவிக்கும், மாகாண சபைக்கும், ஆய்வுகூடத்துக்கும், வயலுக்கும் அழைத்துச் சென்றது. அவர்கள் வைத்திருந்த கருவி ஒன்றே: ஒருவர் தனியே செய்தால் வீண் என்று தோன்றும் காரியத்தைப் பலர் ஒரே நாளில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்காகச் செய்வது. சங்கம் என்பதன் பொருள் அதுவே. விஞ்ஞான மன்றமோ சுற்றாடல் கழகமோ உள்ள நம் ஒவ்வொருவருக்கும் அந்தக் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. சவர்க்காரத்தின் பாவனை குறைந்தபோது ஷிகா இயக்கம் கலைந்திருந்தால், அது தோல்வியடைந்தது எனக் கூறலாமா? காரணம் தருக.

2. உங்கள் வீட்டில் ஒரு மாதத்தில் மிஞ்சும் பொரித்த எண்ணெயை அளந்து பாருங்கள். உங்கள் வகுப்பு மாணவிகள் அனைவரது வீட்டு அளவையும் கூட்டினால் எவ்வளவு வரும்? அதனால் பாடசாலை பஸ் ஒன்று எவ்வளவு தூரம் ஓடும்?

3. இலாப நோக்கற்ற சங்கம், கூட்டுறவுச் சங்கம், உள்ளூராட்சி மன்றம் ஆகிய மூன்றில் உங்கள் ஊருக்கு எது பொருந்தும்? மூன்றும் சேர்ந்து இயங்குவதாயின் எந்த வேலையை எதனிடம் ஒப்படைப்பீர்கள்?

4. 'முதலில் உணவு, மிஞ்சியதே எரிபொருள்' என்ற கொள்கையை யாப்பின் ஒரு வாசகமாக எழுதுக.